வீட்டுக்காரருக்குப் போன் போடு

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு, மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே தெரியும் என்பது எங்கள் அடுக்ககத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. மிக்ஸி முனகினால் என்னைக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பாதியில் நின்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டவனே நான்தான், அப்போதும் வெளியிலிருந்து என்னிடமே யோசனை கேட்டார்கள். நான் பார்க்கும் வேலை, கடல் தாண்டி இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை வலப்பக்கம் நகர்த்துவது. அடுத்த மாதம் அவர்கள் மனம் மாறியதும் அதை இடப்பக்கம் நகர்த்துவது. இதை விளக்கிச் சொன்னால், "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்கிறார்கள்.

உண்மையில் எனக்கும் கருவிகளுக்கும் சுமுகமான உறவு கிடையாது. கையில் கட்டியிருக்கும் கடிகாரம், நான் கோயில் வரிசையில் கால் கடுக்க நிற்கும்போது, 'வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்' என்று மணிக்கட்டில் கிள்ளுகிறது. ஹாலில் நானே ஆசைப்பட்டு மாட்டிய புத்திசாலி பல்பைப் போட, போன் வேண்டும். இருட்டில் போனைத் தேட, பல்பு வேண்டும். வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் ஒரு முழுப் பாட்டுப் பாடித் தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறது. நான் வேலை முடித்தால் யாரும் பாடுவதில்லை.

"எல்லாத்துக்கும் ஸ்மார்ட்னு பேரு. இந்த வீட்ல ஸ்மார்ட் இல்லாதது நீ ஒண்ணுதான்" என்பாள் மனைவி. அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் கூடவே ஒரு 'டா' சேரும். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் அம்மாவுக்கு இது பழகவில்லை. மருமகள் என் பெயரை உரக்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அடுப்படியில் அம்மாவின் கரண்டி ஒரு நொடி நின்றுவிட்டுப் பிறகு ஓடும்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். இது அதிசயமில்லை, அந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான். அதிசயம் என்னவென்றால், அப்பாவின் பெயர் பெருமாளின் பெயர். அந்தப் பெயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிற ஊர் இது. கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய அப்பா, ஓய்வு பெற்றதும் கே.கே. நகர் பார்த்தார், உறையூர் பார்த்தார், கடைசியில் அம்மாவால் உச்சரிக்கவே முடியாத ஒரே ஊரில் ஃப்ளாட் வாங்கினார். அன்று முதல் அம்மாவுக்கு ஸ்ரீரங்கம் என்பது 'பெரிய கோயில்', 'அக்கரை', அல்லது 'நம்ம ஊர்'. பஸ்ஸில் கண்டக்டரிடம், "பெரிய கோயில் ஒண்ணு" என்பாள். எங்கள் ஊர் கண்டக்டர்களுக்கு இது புரியும். எத்தனையோ பெண்மணிகள் இப்படி டிக்கெட் வாங்கியிருப்பார்கள். ஆனால் பார்சல் கொண்டுவருகிறவர்களுக்குப் புரியாது.

"மேடம், எந்த ஏரியா?"

"ஆத்துக்கு இந்தாண்ட தம்பி. பெரிய கோயில் இருக்குல்ல?"

"தஞ்சாவூரா மேடம்? இது திருச்சி பார்சலாச்சே?"

நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

போன வருஷம் அம்மாவின் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. சுற்றியிருப்பது தெரியும், நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒரு புகை. இனி அது கலையாது என்று சொன்னார் மருத்துவர். ஆட்டோவில் திரும்பும்போது அம்மாதான் பேசினாள்: "உன் தோள் தெரியுது, காது தெரியுது. மூஞ்சி மட்டும்தான் தெரியல. பெருமாள் எதை மறைக்கணுமோ அதைப் பார்த்து மறைச்சிருக்கார்."

எங்களை உலுக்கியது அதற்கு அப்புறம் வந்த சனிக்கிழமை. கே.கே. நகரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அம்மா சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் போவாள். அக்காளும் தங்கையும் ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு, அந்த வாரத்துக்கான சிரிப்பைச் சிரித்து முடிப்பார்கள், சாயங்காலம் அம்மா திரும்பிவிடுவாள். அன்றைக்கும் புடவை மாற்றிப் பையை எடுத்தவளை அப்பா வாசலில் மறித்தார்.

"தனியாவா? பஸ் நம்பர் தெரியுமா உனக்கு? இவன் கொண்டுவந்து விடுவான்."

"ஆளோட போனா அதுக்குப் பேரு ஊருக்குப் போறது இல்லீங்க. பார்சல் போறது."

"அப்ப போக வேண்டாம்."

அம்மா பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் புடவையை மாற்றிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள், விரலால் தடவித் தடவி. அதற்கு அடுத்த சனிக்கிழமை புடவைகூட மாற்றவில்லை. சித்தி போனில் அழுதாள். வீட்டில் பேச்சுக் குறைந்தது. அப்பா செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பயத்தில் சொன்னதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான்தான் சமாதானத் தூதுவனாகப் போனேன். "அப்பா, அம்மா கண்ணால பார்க்காம வாயால பேசியே போன் போடற மாதிரி பண்ணிடறேன். எங்க இருக்காங்கன்னு நமக்கு மேப்ல தெரியும். ஒரே ஒரு தடவை தனியா போய்ட்டு வரட்டும். ஏதாவது தப்பாப் போச்சுன்னா அதோட நிறுத்திடலாம்."

அப்பா யோசித்தார். "நீ பண்றேங்கிறதுதான் யோசனையா இருக்கு" என்றார். ஆனாலும் சம்மதித்தார்.

எங்கள் வீட்டில் போன்களுக்கு வம்சாவளி உண்டு. நான் புதிது வாங்கினால் என் பழையது அப்பாவுக்கு. அப்பாவுடைய பழையது அம்மாவுக்கு. இந்தத் தடவை அவசரம் என்பதால் வரிசையை மீறி என்னுடையதே நேராக அம்மாவிடம் போனது, உள்ளே நான் சேர்த்து வைத்திருந்த எண்களோடு. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் போதும், உள்ளே ஒரு பெண்குரல் தமிழிலேயே பதில் சொல்லும்.

"என்னங்க" என்றாள் அம்மா, பொத்தானை அழுத்தி.

"சொல்லுங்க, நான் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?" என்றது போன்.

"இவ ஏண்டா பதில் சொல்றா? நான் உங்கப்பாவைக் கூப்பிட்டேன்."

"அம்மா, யாருக்குப் போன் பண்ணணும்னு சொல்லணும்."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மிக மரியாதையாகக் கேட்டாள்: "அவருக்குக் கொஞ்சம் போன் போடறீங்களா?"

எந்த அவர் என்று தனக்குப் புரியவில்லை என்றது போன். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 'அவர்' என்றால் உலகத்தில் ஒருவர்தானே!

"அப்பாவுக்குப் போன் போடுன்னு சொல்லும்மா. அப்பான்னு பதிஞ்சிருக்கு."

"அவரை நான் அப்பான்னு சொல்லணுமா? மேல இருக்கிற எங்கப்பா எடுத்துட்டார்னா நீயா பேசுவே?"

என் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "அத்தை, வீட்டுக்காரர்னு சொல்லுங்க. அது சொல்லலாம்ல?"

அது சொல்லலாமாம். அம்மா பொத்தானை அழுத்தாமலேயே பல தடவை ஒத்திகை பார்த்தாள்: "வீட்டுக்காரருக்குப் போன் போடு." அதை அப்பாவின் எண்ணோடு போனில் சேர்த்து எழுதி வைக்க வேண்டியது என் வேலை. எனக்கு அப்போது மீட்டிங். சாயங்காலம் செய்யலாம் என்று போய்விட்டேன்.

அம்மா சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. காய் வாங்கப் போயிருந்த அப்பாவுக்குத் தானே போட்டுவிட்டாள். "என்னங்க, கறிவேப்பிலை மறந்துடாதீங்க. குடை எடுத்துட்டுப் போனீங்களா? வெயில் உங்களுக்கு ஒத்துக்காது, நிழலாப் பார்த்து வாங்க." மறுமுனையில், "யாரும்மா நீங்க?" என்று ஒரு குரல். "விளையாட்டெல்லாம் வீட்டுக்கு வந்து வச்சுக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா கறிவேப்பிலை இல்லாமல் வந்தார். "சொன்னேனே!" என்றாள் அம்மா. "எப்ப சொன்னே?" என்றார் அப்பா. இந்தப் பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன். சென்னையில் நான் வேலை பார்த்தபோது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த மனிதர். என் போனில் அவரை 'வீட்டுக்காரர்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். வாடகைக்கு விட்டவரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர் என்று வைத்த மொழியை நான் குறை சொல்லப் போவதில்லை. மீட்டிங்கைத்தான் சொல்ல வேண்டும்.

"தம்பி, நீங்களா? இந்த நம்பர்லேருந்து ஒரு அம்மா பேசினாங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. "குடை எடுத்துட்டுத்தான் போனேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. எனக்கும் வெயில் ஒத்துக்காது தம்பி. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலம் ஒழுங்காக உட்கார்ந்து செய்தேன். வீட்டுச் சொந்தக்காரரை நீக்கினேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அப்பாவின் எண்ணுக்கு எதிரில், செல்லப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'வீட்டுக்காரர்' என்று எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் இருந்த 'அப்பா'வை அழித்துவிட்டு அப்பாவின் முழுப்பெயரை எழுதினேன். பெயர்க் கட்டத்தில் பெயர்தானே இருக்க வேண்டும்? தொழில் சுத்தம். கூடவே, யார் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவால் திரையில் பார்க்க முடியாதே என்று, அழைப்பு வந்தால் பெயரை உரக்கச் சொல்லும்படியும் வைத்தேன், முழுச் சத்தத்தில்.

அம்மா சொல்ல, வீட்டுக்காரருக்குச் சரியாகப் போன் போனது. எல்லோரும் கைதட்டினோம். "இப்ப நான் பண்ணிப் பார்க்கறேன்" என்று படுக்கையறைக்குப் போனார் அப்பா. ஹாலில் அம்மாவின் மடியிலிருந்த போன், தெரு முனை வரை கேட்கும்படி, ஒரு 'அவர்கள்' இல்லாமல், ஓர் 'ஐயா' இல்லாமல், அப்பாவின் பெயரைச் சொல்லி, அவரிடமிருந்து அழைப்பு என்றது. மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும்.

அம்மா கைகளைத் தூக்கிவிட்டாள். மடியில் பல்லி விழுந்த மாதிரி.

"யாருடா இவ? மொட்டையா பேரைச் சொல்றா!"

"மெஷின்மா."

"மெஷின்னா மரியாதை வேண்டாமா? கழுத்தை நீட்டுன நானே இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல, நேத்து வந்தவ சொல்றா!"

அப்பா அறையிலிருந்து வந்தார். மீசையைத் தடவிக்கொண்டிருந்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அவருக்கு மீசை கிடையாது. ஆனால் கை அந்த இடத்தில்தான் இருந்தது. "குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா, ராத்திரிச் சாப்பாட்டையும் அவளையே போடச் சொல்லுங்க."

மாற்றிவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் 'குறித்துக்கொண்டேன்' என்று ஒரு சொல் உண்டு. செய்ய மாட்டேன் என்பதன் நாகரிகமான வடிவம் அது. நானும் குறித்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் கழித்து அம்மா கேட்டாள்: "அந்தப் பேர் விஷயத்தை மாத்திட்டியா?"

"இல்லம்மா. இன்னைக்குக் கண்டிப்பா மாத்திடறேன்."

"அவசரமில்ல. உனக்கு ஆபீஸ் வேலை இருக்கும், அதைப் பாரு."

எவ்வளவு நல்ல தாய் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை அம்மா புடவை மாற்றினாள். பஸ் நிறுத்தம் வரைகூட யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அப்பாவும் ஹாலில் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு, மேப்பில் நகரும் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்தபடி இருந்தோம். மேப் தன் பங்குக்கு விளையாடியது. பாலத்தைச் சற்றுத் தள்ளி வரைந்துவிட்டதோ என்னவோ, அம்மா காவிரித் தண்ணீர் மேலேயே நடந்து போனாள். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு புள்ளி கரையேறியது. சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறி ஏறியது. மத்தியானத்துக்குள் சித்தி போன் செய்து, அக்கா வந்து சேர்ந்துவிட்டாள் என்று கத்தினாள்.

சாயங்காலம் திரும்பும்போதுதான் வந்தது வினை. புள்ளி சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒழுங்காக வந்தது. அங்கேயே நின்றது. டீ குடித்தோம், நின்றது. மனைவி மாடியில் காய்ந்த துணியை எடுத்துவந்து மடித்து முடித்தாள், அப்போதும் நின்றது.

அப்பா போன் செய்தார். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். எடுக்கவில்லை.

"சொன்னேனா இல்லையா?" என்றார் என்னிடம். குரலில் கோபம் இருந்தது. ஆனால் செருப்பை மாட்டும்போது இடது காலை வலது செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தார். "வண்டியை எடு."

பாலத்தின் மேல் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. பின்னால் அப்பா திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே வந்தார். 'இனிமே தனியா அனுப்பறதே இல்ல' என்று காற்றிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பேருந்து நிலையத்தில் ஏகக் கூட்டம். எங்கோ நெரிசலில் மாட்டி, ஸ்ரீரங்கம் பக்கம் போகிற பஸ் எதுவுமே வெகுநேரமாக வரவில்லை என்று ஒரு பூக்காரம்மா யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் முதலில் கண்டார். ஒரு தூணுக்கு அந்தப்புறம், பெஞ்சின் ஓரத்தில், மடியில் சித்தி கொடுத்த பையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பதறவில்லை. கையில் போனை வைத்திருந்தாள்.

நான் ஓரடி வைத்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவர் காதில் இன்னும் போன் இருந்தது; அங்கே அம்மாவின் கையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை இரைச்சலையும் மீறி போனுக்குள் இருந்த அந்தப் பெண் அப்பாவின் பெயரைச் சொன்னாள். திரும்பச் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண், "போன் அடிக்குதேம்மா, எடுங்களேன்" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்தான். அடிக்கட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"எது, ரிங்டோனா?"

"ஆமா. ரிங்டோன்."

முகங்களை இப்போதெல்லாம் எப்படிப் பார்ப்பாளோ, அப்படித் தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அம்மா போனை மடியில் வைக்கவில்லை. காத்திருந்தாள்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"சும்மா இருடா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணைத் தேடி, மறுபடி அழுத்தினார்.

போனுக்குள் இருந்த பெண் பெயரைச் சொன்னாள். அம்மாவின் தலை சாய்ந்தது. தூணுக்கு இந்தப் பக்கம், சமோசாக் கடைக்காரருக்கு இடைஞ்சலாக, ஓய்வு பெற்ற ஒரு மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒளிந்து நின்றார்.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் பஸ் வந்தது. கூட்டம் மொய்த்தது. அப்பாவின் விரல்கள் என் தோளை இறுக்கின. அம்மா அவசரப்படாமல் எழுந்து, பெஞ்சைத் தொட்டு, தூணைத் தொட்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள்: "பெரிய கோயில் போகுமா?"

"ஏறுங்கம்மா, ஏறுங்க. போகும்" என்றார் கண்டக்டர். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

நாங்கள் வண்டிக்கு ஓடினோம். "வேகமா ஓட்டு. அவளுக்கு முன்னாடி போய்ச் சேரணும்" என்றார் அப்பா. கொஞ்சதூரம் போனதும், "அவ்வளவு வேகம் வேண்டாம்" என்றார். பாலத்தில் ஏறும்போது பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் அம்மாவின் கொண்டை தெரிந்த மாதிரி இருந்தது.

"வர்ற சனிக்கிழமையும் போகட்டும்" என்றார் அப்பா, நான் கேட்காமலேயே. பிறகு என் முதுகுக்குப் பின்னால் பொத்தான்கள் அமுங்கும் சத்தம். காவிரிக் காற்றில், மணி அடிப்பது எனக்கும் லேசாகக் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னப்பா, எடுத்தாங்களா?"

"எடுக்கலடா" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.